பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்: வாசகர் வழுக்கும் இடங்கள்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களுக்கு மறுபடியும் நல்ல காலம். மறந்துபோன எழுத்தாளர்களைப் பிரிட்டிஷ் நூலகமே தேடி எடுத்துப் பதிப்பிக்கிறது. ஜெ. ஜெபர்சன் ஃபார்ஜியன் 1937-இல் எழுதிய 'மிஸ்டரி இன் ஒயிட்' 2014-இல் மறுபதிப்பாகி, அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் சக்கைப்போடு போட்டது. என்னிடம் இவற்றை இரவல் வாங்கிப் போகிற இளைஞர்கள் உண்டு. திருப்பித் தரும்போது அவர்கள் சொல்லும் குறைகள், தொடக்கத்தில் நான் சொல்லித் திரிந்த அதே குறைகள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, டிவி தொடரைப் பார்த்துவிட்டு வராதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

முன்னுரையை முதலில் படிப்பது

கதை முடிந்தபின் படியுங்கள்.

வரைபடத்தையும் ரயில் நேரத்தையும் தாண்டிப் போவது

பல நாவல்களில் வீட்டின் வரைபடம் ஒன்று இருக்கும். மின்நூலில் அது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு தாளில் பெரிதாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளில் வேலைக்காரர்களுக்கென்று பின்பக்கம் தனி மாடிப்படி இருக்கும். அது எந்த அறை வாசலில் போய் முடிகிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கலாம்.

ரயில் நேரமும் அப்படித்தான். ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் அயர்லாந்தின் வடபகுதியில் ரயில்வே பொறியாளராக இருந்தவர். அவர் ஒரு ரயில் கிளம்பும் நேரத்தை எழுதினால் அதில் காரியம் இருக்கும். 'த ஹாக்ஸ் பேக் மிஸ்டரி' (1933) நாவலில் முடிச்சை அவிழ்க்கும்போது, எந்தத் தடயம் எந்தப் பக்கத்தில் வந்தது என்று பக்க எண்ணையே கொடுத்திருக்கிறார். 1930-இல் லண்டனில் உருவான, துப்பறியும் நாவல் எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்தவர்கள், முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். மறைக்கக் கூடாது, ஆனால் கண்ணில் படவும் கூடாது என்றால் எழுத்தாளர் அதை எங்கே வைப்பார்? நாம் சலிப்போடு தாண்டும் பத்தியில்தான்.

“இதுக்குப் போய் யாராவது கொலை பண்ணுவாங்களா?” என்று கேட்பது

எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு எரிச்சல் மூட்டும் கேள்வி இது. நல்ல நாவல் ஒன்றை ஒரே அடியில் பாழாக்கிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பிக்கு 1930-களின் நாவல் ஒன்றைக் கொடுத்திருந்தேன். வங்கியில் வேலை, கெட்டிக்கார வாசகர். பாதியில் போன் செய்தார். “அண்ணா, அந்த டாக்டரை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன். பொண்டாட்டியைப் பிடிக்கலைன்னா டைவர்ஸ் வாங்கிட்டுப் போறான், விஷம் எதுக்கு?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர்தான் கொலைகாரர். முடித்துவிட்டு மறுபடி அழைத்தார்: “எழுத்தாளர் ஏமாத்திட்டார்ணா.” நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன், நீங்கள் படிக்க வேண்டும்.

எழுத்தாளர் ஏமாற்றவில்லை. தன் காலத்து வாசகருக்குத் தெரிந்த ஒன்றை விளக்காமல் விட்டார். 1937-இல் நிறைவேறிய திருமண வழக்குச் சட்டம் 1938 ஜனவரியில் அமலுக்கு வரும்வரை, இங்கிலாந்தில் விவாகரத்துக்கு நடைமுறையில் இருந்த ஒரே வழி, துணைக்கு வேறொருவரோடு தொடர்பு உண்டு என்று நிரூபிப்பது. அடித்தான், விட்டுவிட்டுப் போனான், மனைவி வருடக்கணக்காக மனநலக் காப்பகத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் தனியாகப் போதாது. 1923 வரை பெண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். கணவனின் தொடர்போடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இருவரும் பேசிவைத்து வழக்குப் போட்டது தெரிந்தால் மனு தள்ளுபடி. முதல் தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கிங்ஸ் ப்ராக்டர் என்ற அரசு அதிகாரி குறுக்கிட்டுக் குலைத்துவிட முடியும்.

அதனால்தான் மரியாதைப்பட்ட கணவர்கள் கடற்கரை ஊர் ஹோட்டலில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு அறை எடுத்தார்கள். காலைத் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் கண்ணில் படும்படி இருவரும் படுக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். தட்டை வைத்துவிட்டுப் போகும் அந்தப் பெண் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொல்வாள். இவ்வளவும் செய்தித்தாளில் வந்தபிறகு ஒரு சிற்றூர் டாக்டரிடம் எந்தக் குடும்பம் வைத்தியத்துக்கு வரும்? இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்த டாக்டரைத் திரும்பப் பாருங்கள்.

உயில் விஷயத்தில் நாம் இன்னும் அதிகமாக வழுக்குகிறோம். இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாக ரத்தாகிவிடும். நம் நாட்டில் இந்துக்களின் உயிலுக்கு இந்த விதி கிடையாது, ஆகவே நம்மில் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. வயதான பணக்காரர் காலை உணவு மேஜையில், நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அறிவிக்கிறார். மேஜையைச் சுற்றியிருக்கும் வாரிசுகள் அத்தனை பேருக்கும் திருமண நாள்தான் கெடு. நாம் குடும்பச் சண்டை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதேபோல், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலின்படி எதுவும் கிடைக்காது. தோட்டக்காரரையும் சமையல்காரப் பெண்ணையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார் என்று ஒரே ஒரு வரி வரும். புது உயில் எழுதியாயிற்று, இந்த இருவருக்கும் அதில் பங்கில்லை என்ற இரண்டு செய்தி அந்த வரியில் இருக்கிறது.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாருக்குப் போகும் என்ற விதி 1926 ஜனவரி 1 அன்று மாறியது. தூரத்துச் சொந்தங்கள் உரிமை கோரும் வட்டம் சுருங்கியது, வட்டத்துக்குள் யாரும் இல்லாவிட்டால் சொத்து அரசுக்கு. டோரத்தி எல். சேயர்ஸ் இந்தத் தேதியின் மீதே ஒரு முழு நாவலைக் கட்டியிருக்கிறார்.

பணத்தையும் இன்றைய மதிப்பில் பார்க்காதீர்கள். ஒரு பெண் சுதந்திரமாக எழுத, சொந்த அறையும் வருடத்துக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். கதையில் ஒருத்திக்கு வருடத்துக்கு 200 பவுண்டு வரும் என்று சொன்னால், பணக்காரச் சீமாட்டிக்குத் துணையாக இருந்து அவர் நாயை நடத்திக் கூட்டிப்போகும் வாழ்விலிருந்து விடுதலை என்று படியுங்கள். 1921 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சம் அளவுக்கு அதிகம். கல்யாணம் ஆகும் என்று காத்திருக்க முடியாதவர்கள் ஏராளம்.

எதிர்ப்பக்கத்தில் தூக்குமேடை. 1957 வரை கொலைக்குற்றம் நிரூபணமானால் நீதிபதி மரண தண்டனைதான் விதிக்க முடியும். மன்னிப்பு வந்தால் உண்டு. ஒரு தாய் மகனுக்காகப் பொய் சொல்வதும், துப்பறிபவர் கடைசி அத்தியாயத்தில் வெற்றிக்களிப்பே இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

நாவலை எடுத்ததும், கதை நடக்கும் வருடத்தை முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அது 1926-க்கு முன்னா பின்னா, 1938-க்கு முன்னா பின்னா என்று பாருங்கள். சந்தேகப் பட்டியலிலிருந்து யாரை எடுப்பதானாலும் அதன் பிறகு எடுங்கள்.

“ஒரு போன் அடிச்சிருக்கலாமே” என்பது

கிராமத்தில் போன் அடித்தால் பெரும்பாலும் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் இணைப்புக் கொடுப்பார். யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியும். ரகசியம் வேண்டியவர் கடிதம்தான் எழுதுவார். 999 என்ற அவசர எண் 1937-இல் லண்டனில்தான் முதலில் வந்தது.

ஒரே நாவலை இரண்டு பெயரில் வாங்குவது

'மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' அமெரிக்காவில் 'மர்டர் இன் த காலே கோச்' என்று வந்தது. வாங்குமுன் பாருங்கள்.

இழிசொல்லைக் கண்டதும் மூடுவது, அல்லது காணாததுபோல் போவது

யூதர்களையும் கறுப்பினத்தவரையும் நம்மையும் இழிவாகப் பேசும் வரிகள் இந்த நாவல்களில் உண்டு. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. அதற்காகப் புத்தகத்தை மூடவும் வேண்டாம். எந்தப் பதிப்பைப் படிக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே ஒரு இனவசைச் சொல் இருந்தது. அமெரிக்காவில் 1940-லேயே தலைப்பை மாற்றிவிட்டார்கள். பிரிட்டனில் அது 1985 வரை நீடித்தது. புதிய பதிப்புகளில் உள்ளேயும் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று: இந்த நாவல்களில் வரும் வீடுகளில் வேலைக்காரர்களின் முகத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்தையே சில எழுத்தாளர்கள் புதிரின் அச்சாணியாக்கினார்கள்.

மரண விசாரணை அத்தியாயத்தைத் தாண்டுவது

தெரிந்ததையே திரும்பச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பலரும் விடும் அத்தியாயம். சாவு எப்படி நேர்ந்தது என்று முடிவுசொல்ல இந்த விசாரணையில் உட்காரும் பொதுமக்கள் குழுவான ஜூரியே, 1977 வரை ஒருவரைக் கொலையாளி என்று பெயர் சொல்லிக் கொலை வழக்கு விசாரணைக்கு அனுப்ப முடிந்தது. அதைவிட முக்கியம், சாட்சிகள் சத்தியம் செய்துவிட்டு முதன்முதலாகப் பேசும் இடம் அது. சமையல்காரப் பெண் இன்ஸ்பெக்டரிடம் முன்பு சொன்ன பக்கத்தைத் திறந்து, இப்போது சொல்வதோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள்.