ஆட்டு வயித்துப் புழுவுல வேலை ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஆட்டுத்தொட்டியில இருந்து எலைசா வரைக்கும்

ஆட்டு வயித்துல இருக்குற ஹெமான்கஸ் கன்டார்ட்டஸ்ங்கிற புழுவுல ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்கன்னா முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை பெருக்கிப் பாக்குறது) வரலன்னாலும் சரி, எலைசா (சீரத்துல ஆன்டிபாடி இருக்கான்னு கலர் வச்சு பாக்குற டெஸ்ட்) பிளேட் முழுக்க மஞ்சளா போனாலும் சரி, பாதிக்கு மேல காரணம் புழுவை எடுத்த அன்னைக்கே நடந்திருக்கும். ஏன்னா இது ரத்தம் குடிக்கிற புழு. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி வரைக்கும் ஆட்டு ரத்தத்தை இழுக்கும்னு கணக்கு, ஒரு ஆட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல இருந்தா குட்டி வெளுத்துப்போய் தாடைக்கு கீழ நீர் கோத்து செத்தே போயிடும். அதே ரத்தம்தான் நம்ம டியூபுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கும்.

புழு எங்க கிடைக்கும்னா ஆட்டுத்தொட்டியிலதான், அதாவது ஆடு வெட்டுற இடத்துல. மழை ஆரம்பிச்சு கொஞ்ச நாள் கழிச்சு போங்க, கோடையில போனா காலையெல்லாம் நின்னாலும் பத்து புழு தேறாது. அங்க வேலை செய்யுற அண்ணன்கள்ட்ட முன்னாடியே பேசிவைங்க, குடலை எடுத்ததும் நாலாவது வயித்தோட ரெண்டு முனையையும் நூலால இறுக்கி கட்டி தரச் சொல்லுங்க. அத வெதுவெதுப்பான ஃபிளாஸ்க்ல வச்சு சீக்கிரம் லேபுக்கு கொண்டுவாங்க, ஐஸ்ல வைக்காதீங்க, ஜில்லுன்னு ஆனா புழு சோர்ந்துடும், அப்புறம் அதுலேர்ந்து நல்ல ஆன்டிஜன் (எலைசாவுல ஆன்டிபாடி ஒட்டுற புழு புரோட்டீன்) கிடைக்காது.

வயித்தை நீளவாக்குல வெட்டி வெதுவெதுப்பான பி.பி.எஸ்.ல (உப்பு பஃபர்) அலசினா புழு நெளியுறது கண்ணுக்கே தெரியும். பெண் புழு 2-3 செ.மீ. இருக்கும், சிவப்பு குடலைச் சுத்தி வெள்ளை கருப்பை முறுக்கிக்கிட்டு போகும், ஒரு தடவை பாத்தா மறக்காது. ஆண் சின்னது, ஒரே சிவப்பு, வால் நுனி விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். ரெண்டையும் அங்கயே தனித்தனியா பிரிச்சிடுங்க, பின்னாடி பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஏன்னா மருந்து எதிர்ப்பு பாக்க டி.என்.ஏ. எடுக்கும்போது ஒரு புழுவுக்கு ஒரு டியூப், அதுவும் முடிஞ்சா ஆண் புழு மட்டும். பெண் புழு ஒரு நாளைக்கு 5,000லேர்ந்து 10,000 முட்டை போடும், அந்த முட்டைக்குள்ள அப்பன் புழுவோட டி.என்.ஏ.வும் இருக்கு, முழுப் பெண்ணையும் அரைச்சா ரெண்டு புழுவோட ரிசல்ட் கலந்து வந்து எல்லாமே ஹெட்டிரோசைகஸ் மாதிரி, அதாவது ஒரே புழுவுல ஜீனோட ரெண்டு வகையும் இருக்குற மாதிரி தெரியும். பெண் புழுதான் இருக்குன்னா தலைப்பக்கம் மட்டும் நறுக்கி எடுங்க. 70% எத்தனால்ல போட்டு வைக்கலாம், ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், பி.சி.ஆர். கெட்டுடும். டி.என்.ஏ. எடுக்க, புரோட்டீனை கரைக்கிற புரோட்டினேஸ் கே என்சைம் போட்டு 55 டிகிரியில ராத்திரி முழுக்க விட்டாலே போதும், காஸ்ட்லி கிட் தேவையில்ல. பி.சி.ஆர்.ல பேண்டே வரலன்னா டெம்ப்ளேட்டை (போடுற டி.என்.ஏ.வை) கூட்டாதீங்க, பத்து மடங்கு தண்ணி விட்டு குறைச்சு பாருங்க, ஹீமோகுளோபின்தான் தடுக்குது.

முதல்ல ஐடிஎஸ்-2 (இனத்துக்கு இனம் மாறுற ஒரு டி.என்.ஏ. பகுதி) ஓட்டி இனம் சரியான்னு உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் பீட்டா டியூபுலின் ஐசோடைப் 1 ஜீனை பாருங்க. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் மாதிரி புழு மருந்தெல்லாம் ஒட்டுறது இந்த ஜீன்லேர்ந்து வர்ற புரோட்டீன்லதான், 200வது இடத்துல டி.என்.ஏ. எழுத்து டி.டி.சி. போய் டி.ஏ.சி. வந்தா பினைல்அலனின்ங்கிற அமினோ அமிலம் டைரோசினா மாறிடும், மருந்து ஒட்டாது. 167, 198 இந்த ரெண்டு இடத்துலயும் மாறலாம், அதனால 200 மட்டும் பாத்துட்டு இந்த மந்தையில எதிர்ப்பு இல்லன்னு எழுதிடாதீங்க. கூடவே ஆட்டுப் புழுக்கைல முட்டை எண்ணிக்கையும் பாக்கணும், மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, 14 நாள் கழிச்சு ஒரு தடவை, 95 சதவீதத்துக்கு குறைவா இறங்கியிருந்தா சந்தேகப்படுங்க. இன்னொன்னு, வெள்ளாடு இந்த மருந்தை செம்மறியை விட வேகமா வெளியேத்திடும், செம்மறி அளவே வெள்ளாட்டுக்கும் குடுத்துட்டு இருக்காங்களான்னு ஆட்டுக்காரங்ககிட்ட அவசியம் கேளுங்க, எதிர்ப்பு வளர்றதுக்கு அது பெரிய வழி.

இப்ப எலைசா. உயிரோட இருக்குற புழுவை ஆன்டிபயாட்டிக் போட்ட ஆர்.பி.எம்.ஐ. வளர்ப்பு மீடியத்துல 37 டிகிரியில விட்டா அது கக்குற, கழிக்கிற புரோட்டீன்தான் நம்ம ஆன்டிஜன். முதல் சில மணி நேரத்துல வர்ற மீடியத்தை கொட்டிடுங்க, அது முழுக்க குடிச்ச ரத்தம்தான். செத்த புழுவை அப்பப்ப எடுத்துடணும். எங்க லேப்ல நாங்க இத சரியா பண்ணாம ரெண்டு மாசம் போச்சு, புழுவே இல்லாத குட்டியோட சீரம் கூட பாசிட்டிவ்னு வந்துச்சு. யோசிச்சு பாத்தா ஆன்டிஜனுக்குள்ளயே ஆட்டு ஐஜிஜி (ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி) இருந்திருக்கு, நாங்க ஊத்துற, ஆட்டு ஐஜிஜிக்கு எதிரான கான்ஜுகேட் (கலர் வரவைக்கிற என்சைம் ஒட்டுன ஆன்டிபாடி) நேரா அதுல போய் ஒட்டியிருக்கு. அதனால ஒவ்வொரு பிளேட்லயும் சீரம் இல்லாம ஆன்டிஜனும் கான்ஜுகேட்டும் மட்டும் போட்ட ரெண்டு குழி கண்டிப்பா வைங்க, அதுல கலர் வந்தா மிச்ச பிளேட்டை நம்பாதீங்க. ஆன்டிஜனை ஐஜிஜியை பிடிச்சு வச்சுக்கிற புரோட்டீன் ஜி காலம்ல ஓட்டினா அந்த ஐஜிஜி நிறைய குறையும்.

பிளேட்ல ஆன்டிஜன் கோட்டிங் மில்லிக்கு 5 மைக்ரோகிராம், பிஎச் 9.6 கார்பனேட் பஃபர், ராத்திரி முழுக்க 4 டிகிரி, இதுலேர்ந்து ஆரம்பிச்சு உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. பாசிட்டிவ் வந்தா இப்ப புழு இருக்குன்னு அர்த்தமில்ல, மருந்து குடுத்த பிறகும் ஆன்டிபாடி நிக்கும், டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் மாதிரி சொந்தக்கார புழு இருந்தாலும் ரியாக்ட் ஆகும்.

இந்தப் புழுவோட ஜீனோம்தான் 2013லயே வந்துடுச்சே, ஜீனை பாக்டீரியா மாதிரி வேற செல்லுல வச்சு புரோட்டீனை ரீகாம்பினன்ட்டா பண்ணிக்கலாமே, இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு புழு பொறுக்கணும்னு கேப்பீங்க. 2014ல ஆஸ்திரேலியாவுல விற்பனைக்கு வந்த இந்தப் புழுவுக்கான பார்பர்வேக்ஸ் தடுப்பூசியையே புழுக் குடல்லேர்ந்து நேரா பிரிச்செடுத்த புரோட்டீன்லதான் தயாரிச்சாங்க. அதுல இருக்குற எச்11ங்கிற புரோட்டீனை பாக்டீரியாவுல செஞ்சு பாத்தாங்க, ஆட்டுக்கு பாதுகாப்பு கிடைக்கல, புரோட்டீன் மடிப்பும் அது மேல ஒட்டியிருக்குற சர்க்கரையும் புழுவுல இருக்குற மாதிரி வராததுதான் காரணம்னு நினைக்கிறாங்க. அதனால நீங்க எந்த ஜீனை எடுத்தாலும் ஒவ்வொரு ஆட்டுலேர்ந்தும் கொஞ்சம் புழுவை மைனஸ் 80ல போட்டு வைங்க, டியூப் மேல தேதி, ஆட்டு இனம், ஊர், கடைசியா என்ன மருந்து குடுத்தாங்க எல்லாம் பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் எத்தனால் பட்டா அழிஞ்சிடும்.