மாநகராட்சி வரியை உயர்த்தப் போகிறதா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

சொத்து வரி கூடப்போகிறது என்று செய்தி வந்ததும் எல்லோர் கண்ணும் போவது சதவீதத்தின் மேல்தான், முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த உயர்வில், பழைய (2011-ல் விரிவாக்கும் முன்பிருந்த) சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. இந்த 150-ஐ ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். இல்லை, இரண்டரை மடங்கு. 2,000 கட்டிக்கொண்டிருந்தவர் 5,000 கட்ட வேண்டும். இன்னொரு பக்கம், இரண்டு அறை வீட்டில் இருப்பவர்கள் டிவியில் ஓடிய 150-ஐப் பார்த்துத் தங்களுக்கும் அதுதான் என்று பயந்துபோனார்கள். சதவீதத்தை விடுங்கள். உங்கள் ரசீதை எடுத்து, எந்த அளவில் வருகிறீர்கள், அதில் இருப்பது அரையாண்டுத் தொகையா முழு வருஷத்துத் தொகையா என்று பார்த்துவிட்டு ரூபாயில் பேசுங்கள்.

ரசீதைப் படிக்காமல் பீரோவில் வைத்துவிடுவது அடுத்த தவறு. தென் மாவட்டத்தில் இருக்கும் என் அத்தை வீட்டு ரசீதில் பரப்பளவு 640 சதுர அடி என்று இருந்தது. வீட்டை ஒட்டிப் பின்பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்த காலத்து அளவு அது, கொட்டகையைப் பிரித்து வருஷக்கணக்காகிவிட்டது, அலுவலகத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த 2022 உயர்வில் சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதைத் தாண்டி 1,200 வரை 50. அரையாண்டுக்கு 520 ரூபாய் கட்டிய அத்தைக்கு 650 வந்திருக்க வேண்டியது 780 ஆக வந்தது. மறுஅளவு கேட்டு மனு கொடுத்த பிறகுதான் சரியானது. வாடகைக்கு விட்டிருந்த முன்பக்கக் கடையை மூடிய பிறகும் வணிகப் பயன்பாடு என்றே பதிவில் இருப்பது, வீடு வாங்கிப் பல வருஷம் ஆகியும் பெயர் மாற்றாமல் நோட்டீஸ் பழைய உரிமையாளர் பெயருக்கே போய்க்கொண்டிருப்பது, எல்லாம் இதே வகைதான்.

மூன்றாவது, தாமதமாகக் கிளம்புவது. பெரிய வரி உயர்வு ஒரே ராத்திரியில் வருவதில்லை. அரசாணை வரும், மாமன்றத்தில் தீர்மானம் வைப்பார்கள், நாளிதழில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபனை சொல்லக் கெடு கொடுப்பார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்துகொண்டிருந்துவிட்டு, இவ்வளவு கட்டுங்கள் என்ற கேட்பு நோட்டீஸ் கையில் வந்த பிறகு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றால் அவரால் செய்ய முடிவது மிகவும் குறைவு.

"முழுவதும் ரத்து செய்" என்று மட்டும் கேட்பதும் தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். சென்னையில் 1998-க்குப் பிறகு இருபது வருஷம் வரியைச் சீராய்வு செய்யவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தள்ளிப்போட்டது எல்லாம் சேர்ந்து 2022-ல் ஒரே அடியாக விழுந்தது. மத்திய அரசின் 15-வது நிதிக்குழுவும் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்துவிட்டது. அதனால் சின்ன வீடுகளுக்கு எவ்வளவு சலுகை, பெரிய பாக்கிதாரர்களிடம் வசூல் எப்போது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது அவர்களுக்குக் கஷ்டம்.

யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. 2024-ல் சென்னை மாநகராட்சி தொழில் வரியைக் கிட்டத்தட்ட 35 சதவீதம் கூட்டியது. அரையாண்டு வருமானம் 45,000-க்கு மேல் 60,000 வரை உள்ளவர்களுக்கு 690 ரூபாய் 930 ஆனது, 75,000-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அதே 1,250. காரணம், வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி போடக்கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது, மேல்தட்டு ஏற்கெனவே அதைத் தொட்டுவிட்டது. ஆக ஏற்றிய பாரம் மாதம் பத்தாயிரத்துக்குள் வாங்குகிறவர் மேல் விழுந்தது. இதைப் பற்றி எவ்வளவு பேர் பேசினோம்? எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசாதீர்கள். சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி குடிநீர் வாரியத்துடையது, மாநகராட்சியுடையது அல்ல. குப்பைக்கான கட்டணம் வேறு. 2021 ஜனவரியில் அதைச் சென்னையில் அமல்படுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். எதை எதிர்க்கிறோம் என்று தெளிவாகச் சொன்னதால் நின்றது.

கோபத்தில் வரியே கட்டாமல் இருந்துவிடாதீர்கள், வட்டி ஏறும். ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையாவது மிஞ்சும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தை ஒட்டி உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். போன வருஷம் நம் வார்டில் தெருவிளக்குக்கு எவ்வளவு, மழைநீர் வடிகால் தூர்வார எவ்வளவு செலவானது என்று தொகையோடு கேளுங்கள், கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று எழுந்து நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.