அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் வளர்ந்த பண்ணைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

காலை 8 மணிக்கு கென்டக்கி மாநிலத்து லூயிவில்லிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு காப்பிக்கு நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால் போனில் மணி எட்டரை. பின்சீட்டிலிருந்து என் மாமியார், "ஏம்மா, வண்டி ஓடுச்சா, நின்னுக்கிட்டே இருந்துச்சா?" என்றார். லூயிவில் கிழக்கு நேரம், பண்ணை இருக்கும் இந்தியானாவின் ஸ்பென்சர் கவுன்டி அதற்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய மத்திய நேரம். போகும்போது ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். அது தெரியாமல் நாங்கள் பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் இட்லியைப் பிரித்து உட்கார்ந்தோம். நீங்கள் அரை மணி கூடுதலாகத் தூங்கிவிட்டே கிளம்பலாம்.

இடத்தின் முழுப்பெயர் லிங்கன் பாய்ஹுட் நேஷனல் மெமோரியல். மேப்பில் முழுப்பெயரைத்தான் போட வேண்டும். லிங்கன் பிறந்த இடம் கென்டக்கியில் ஹாட்ஜன்வில் அருகே இருக்கிறது, வக்கீலாக இருந்தபோது குடியிருந்த வீடு இல்லினாயில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது. வெறும் 'லிங்கன்' என்று தட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. இண்டர்ஸ்டேட் 64-இல் 57-ஆம் எக்சிட்டில் இறங்கி, 231-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், 162-ஆம் சாலையைப் பிடித்தால் சரி. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இது பெரிய இடம் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 200 ஏக்கர் காடு, ஒரு நினைவுக் கட்டடம், ஒரு கல்லறை மேடு, ஒரு மரவீடு, அவ்வளவுதான். வேகமாகச் சுற்றினால் நாற்பது நிமிடத்தில் முடிந்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று தோன்றும். எங்கள் பெரியவன் அப்படித்தான் சொன்னான். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்பும் முன் ஒரு கதையைத் தெரிந்துகொண்டு போங்கள், அது தெரிந்தால்தான் அந்தக் காட்டில் பார்க்க ஏதாவது இருக்கும்.

கதை மாட்டுப்பாலைப் பற்றியது. தாமஸ் லிங்கன் என்ற தச்சர், கென்டக்கியில் நிலப்பத்திரத் தகராறுகளில் நொந்துபோய், 1816-இல் மனைவி நான்சி, மகள் சாரா, ஏழு வயது மகன் ஆபிரகாமோடு ஒஹாயோ ஆற்றைக் கடந்து இங்கே வந்தார். ஏக்கர் 2 டாலர் விலையில் 160 ஏக்கருக்கு எழுதிவைத்து, கடைசியில் பணம் கட்ட முடிந்தது 80 ஏக்கருக்குத்தான். வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1818 இலையுதிர்காலத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு நோய் வந்தது. மாடுகள் நடுங்கி விழுந்தன, அவற்றின் பாலைக் குடித்தவர்கள் வாந்தியெடுத்துச் செத்தார்கள். நான்சியின் உறவினரான ஸ்பாரோ தம்பதி முதலில் போனார்கள். அக்டோபர் 5 அன்று நான்சியும் போனார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் பலகை அறுத்துப் பெட்டி செய்தார், ஒன்பது வயதுப் பையன் அதற்கு மர ஆணிகளைச் சீவிக் கொடுத்தான் என்பது அந்தக் குடும்பத்தின் வழிவந்த பேச்சு.

காரணம் வைட் ஸ்நேக்ரூட் என்ற செடி. காட்டு நிழலில் வளரும், கோடை முடிவில் வெள்ளைவெள்ளையாய்ச் சின்னப் பூக்கொத்து வைக்கும். புல் காய்ந்துபோன பருவத்தில் மாடு காட்டுக்குள் போய் அதை மேய்ந்துவிடும். அதன் நஞ்சு பாலில் இறங்கிவிடும். இல்லினாயில் அன்னா பிக்ஸ்பி என்ற மருத்துவச்சிக்கு ஷானி பழங்குடிப் பெண் ஒருவர் அந்தச் செடியைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். விஞ்ஞானிகள் நஞ்சைப் பிரித்தெடுத்தது 1928-இல், அதாவது நான்சி இறந்து 110 வருஷம் கழித்து.

இதை வண்டியில் போகும்போது மாமியாருக்குச் சொன்னேன். நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர். சிறிது நேரம் பேசவே இல்லை. அப்புறம், "புதுக் காட்டுல எது திங்கணும், எது திங்கக்கூடாதுன்னு மாட்டுக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல, பாவம்" என்றார். பார்க்கிங்கில் இறங்கியதிலிருந்து அவர் கண் வேலியோரத்திலேயே இருந்தது. முடிந்தால் செப்டம்பரில் போங்கள். பூத்திருக்கும் காலம் அது. ரேஞ்சரிடம் (பூங்கா அலுவலரிடம்) கேட்டால் எப்படி இருக்கும் என்று சொல்வார். நாங்கள் பார்த்தது முட்டியளவு உயரம், ரம்பப்பல் ஓரமுள்ள இலை, இரண்டிரண்டாக எதிரெதிரே. பார்க்கச் சாதுவான செடி. பறிக்க வேண்டாம், குழந்தைகளைக் கை வைக்க விட வேண்டாம்.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? நினைவுக் கட்டடத்தில் தொடங்குங்கள். உள்ளே ஓடும் சின்னப் படத்தைத் தவறவிடாதீர்கள், கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். கேள்விகளை நிரப்பினால் பேட்ஜ் தருவார்கள். பெரியவனின் முணுமுணுப்பு நின்றது அந்தப் பேட்ஜுக்காகத்தான். கட்டடத்தின் வெளிச்சுவரில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ஐந்து புடைப்புச் சிற்பங்கள் உண்டு. அழகுதான், ஆனால் அங்கேயே கால் வலிக்க நின்றுவிடாதீர்கள்.

அங்கிருந்து நேரே மேலேறினால் நான்சியின் கல்லறை. பல வருஷம் அடையாளமே இல்லாமல் கிடந்த இடம். இப்போதுள்ள வெள்ளைக் கல்லை 1879-இல் வைத்தவர், வண்டி தயாரித்த ஸ்டூடபேக்கர் குடும்பத்துக்காரர் ஒருவர். நாங்கள் போன அன்று கல்லின் மேல் ஒரு சென்ட் காசுகள் வரிசையாக இருந்தன. அந்தக் காசில் இருப்பது மகன் முகம். மாமியார் என் பையில் தேடி ஒன்று எடுத்து வைத்தார்.

மேட்டிலிருந்து நடந்தால் லிங்கன் வீடு இருந்த இடம் வரும். அங்கே வீடு இல்லை. அடுப்புக் கற்களும் அடிமரங்களும் வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் பார்வையால் அளந்து பாருங்கள். தாமஸ் மறுமணம் செய்து கூட்டிவந்த சாரா புஷ் ஜான்ஸ்டனுக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள். இந்த அளவு வீட்டில் எப்படிப் படுத்தார்கள் என்று நாங்கள் ஆளாளுக்கு இடம் பிரித்துப் பார்த்தோம். யாராவது ஒருவர் அடுப்புக்குள்தான் படுக்க வேண்டியிருந்தது.

பக்கத்திலேயே இருக்கும் பண்ணை வீட்டை அசல் என்று நினைத்து நெகிழ்ந்துவிடாதீர்கள். அது அந்தக் காலத்து முறையில் பின்னால் அமைத்தது. ஆனாலும் கோழியும் ஆடும் சோளமும் புகை வாசமுமாக உயிரோடு இருக்கும். கோடை மாதங்களில் அக்காலத்து உடையில் ஆட்கள் வேலை செய்வார்கள். குளிர்காலத்தில் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எந்த நாட்களில் ஆள் இருப்பார்கள் என்பதை நேஷனல் பார்க் சர்வீஸ் தளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது பன்னிரண்டு கற்கள் பாதையில் வாருங்கள். வெள்ளை மாளிகை, கெட்டிஸ்பர்க் என்று லிங்கன் வாழ்க்கையோடு தொடர்புள்ள இடங்களிலிருந்து கொண்டுவந்த கற்களை வழியோரம் பதித்திருக்கிறார்கள். குழந்தைகளை எண்ணச் சொன்னால் நடை தெரியாது.

காலில் மூடிய ஷூ, நீளமான பேன்ட், உண்ணிக்கு ஸ்ப்ரே. புடவை கட்டுகிறவர்கள் காட்டுப் பாதையில் கரையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. வீட்டுக்குப் போனதும் எல்லோர் கணுக்காலையும் ஒருமுறை பாருங்கள். சாப்பாடு கையில் இருக்கட்டும்.

நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் லிங்கன் ஸ்டேட் பார்க். இது மாநிலத்தின் பூங்கா, இதற்குக் கட்டணம் உண்டு, வெளிமாநில வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல். ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட வசதி. பெரும்பாலானோர் தவறவிடுவது இங்குள்ள லிட்டில் பிஜன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தை. லிங்கனின் அக்கா சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்து இங்கேதான் இருக்கிறார். இருபது வயது. தாய் அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம். இரண்டு வருஷம் கழித்து, 1830-இல், மிச்சக் குடும்பம் இல்லினாய்க்குக் கிளம்பிவிட்டது.

குழந்தைகள் ஹாலிடே வேர்ல்டு என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நச்சரிப்பார்கள். சில மைல் தள்ளி சாண்டா கிளாஸ் ஊரில்தான் இருக்கிறது, உள்ளே குளிர்பானம் இலவசம். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தண்ணீர்ச் சறுக்கு கண்ணில் பட்ட பிறகு மரவீட்டை யார் பார்ப்பார்கள்?

லூயிவில் திரும்புகிறவர்களுக்கு, காலையில் கிடைத்த ஒரு மணி நேரம் வழியிலேயே பறிபோய்விடும். ஐந்துக்குக் கிளம்பினால் வீட்டில் மணி ஏழரை. தயிர்சாதம் ஒரு டப்பா மிச்சம் வையுங்கள்.