கார்ன்பிரெட்டுக்குச் சட்டி முதலில் காயட்டும்

அமெரிக்கத் தென்மாநில வீடுகளில் செய்யும் கார்ன்பிரெட்டுக்கு (மக்காச்சோள மாவு ரொட்டி) மொறுமொறு அடிப்பாகம்தான் உயிர். வார்ப்பிரும்புச் சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, 220 டிகிரி ஓவனில் 10 நிமிடம் காயவிடுங்கள். அங்கே பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) வறுத்த கொழுப்பை விடுவார்கள், அந்த மணமே தனி! மாவை ஊற்றும்போது ‘சொய்ங்’ என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் சட்டி காயவில்லை.

ரவை போன்ற மக்காச்சோள மாவு 2 கப், புளித்த கெட்டி மோர் ஒன்றரை கப், முட்டை 1, உப்பு, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, இவற்றைக் கலந்ததுதான் அந்த மாவு. கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை மாவு ஆகாது. அப்புறம், சர்க்கரை வேண்டாம். 20, 25 நிமிடத்தில் வெந்துவிடும்.

மீந்ததை ராத்திரி உயரமான டம்ளரில் பிட்டுப்போட்டு, குளிர்ந்த மோர் ஊற்றி ஸ்பூனால் சாப்பிடுவார்கள். நம் பழைய சோறு மாதிரியேதான்.