விண்டோஸ் ஃபோல்டரை உபுண்டுவில் திறப்பது எப்படி?

ஒரே வைஃபையில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டு உள்ள ஒரு கணினியும் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் ஆவணத்தை மற்றொன்றில் திறக்க நம்மில் பலர் பென்டிரைவைத் தேடுகிறோம், அல்லது நமக்கு நாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறோம். இரண்டும் தேவையில்லை. புதிதாக மென்பொருள் எதையும் நிறுவவும் வேண்டாம், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

விண்டோஸ் தன் ஃபோல்டர்களைப் பிற கணினிகளுக்குத் திறந்துவிடப் பயன்படுத்தும் வழிக்கு எஸ்எம்பி என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த சம்பா என்ற மென்பொருளால் லினக்ஸுக்கும் அது வசப்பட்டது. உபுண்டுவின் ஃபைல்ஸ் செயலிக்குள் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே நம் வேலையில் பெரும்பங்கு விண்டோஸ் பக்கம்தான். கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கானவை.

முதலில், பகிர்வுக்கென்று தனிக் கணக்கு

பலர் தடுக்கி விழும் இடம் இது. லேப்டாப்பைத் திறக்க நீங்கள் தட்டும் நான்கு இலக்க பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது, முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. இதற்காக மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் தட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட் என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும்போது, அந்த நபரின் விவரம் தெரியாது என்ற இணைப்பை அழுத்துங்கள். அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழி இருக்கும். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் வையுங்கள். பாஸ்வேர்டு கட்டாயம்.

ஃபோல்டரைப் பகிர்தல்

சி அல்லது டி டிரைவில் நேரடியாக ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்குங்கள். டாக்குமென்ட்ஸுக்குள் இருப்பதைப் பகிர்ந்தால், மறுபக்கம் பெரும்பாலும் யூசர்ஸ் என்ற பெரிய ஃபோல்டர்தான் தெரியும். அதற்குள் துழாவ வேண்டியிருக்கும்.

ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், பிறகு ஷேர் பட்டன். பட்டியலில் புதிய கணக்கைத் தேர்ந்தெடுத்து ஆட் செய்யுங்கள். பக்கத்தில் ரீட் என்று இருப்பதை ரீட்/ரைட் என மாற்றினால்தான் உபுண்டுவிலிருந்து திருத்திச் சேமிக்க முடியும்.

நெட்வொர்க்கைச் சரிபார்த்தல்

செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும். வீட்டு வைஃபை என்றால் பிரைவேட். அதே பக்கத்தில் கீழே ஐபிவி4 முகவரி, அதாவது நெட்வொர்க்கில் இந்த லேப்டாப்பின் ஐபி முகவரி இருக்கும், 192.168.1.5 என்பதுபோல. குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், பிரைவேட் பகுதியின் கீழ், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டு பாதுகாப்பை மட்டும் அணைக்காதீர்கள். அணைக்கச் சொல்லும் பழைய யூடியூப் வீடியோக்கள் நிறைய உண்டு.

உபுண்டுவில் திறத்தல்

ஃபைல்ஸில் அதர் லொகேஷன்ஸ் (புதிய பதிப்புகளில் நெட்வொர்க்) என்பதற்குப் போனால், சர்வரின் முகவரி கேட்கும் பெட்டி கீழே இருக்கும். அதில் எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடுகள், பிறகு ஐபி முகவரி. இடையில் இடைவெளி கூடாது. விண்டோஸில் பழகிய பின்சாய்கோடு இங்கே எடுபடாது. கனெக்ட் கொடுத்தால் பகிர்ந்த ஃபோல்டர் தெரியும். அதற்கு முன்போ, அதைத் திறக்கும்போதோ பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், புதிய கணக்கின் விவரங்களைக் கொடுங்கள். டொமைன் கட்டத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.

திறக்கவில்லையா? பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு கணக்கில்: பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. பெட்டியே வராமல் பிழைச் செய்தி வந்தால் கோளாறு பெரும்பாலும் நெட்வொர்க்கில்: பப்ளிக் என்றே விட்டிருப்பீர்கள், ஐபி முகவரி மாறியிருக்கும், அல்லது ஒரு கணினி ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருக்கும். ஐபி அடிக்கடி மாறினால், ரவுட்டரில் அந்த லேப்டாப்புக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவைக்கலாம்.

அப்புறம், கோப்புப் பெயர்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி எல்லாம் லினக்ஸில் செல்லும், விண்டோஸ் ஏற்காது. தமிழில் பெயர் வைப்பதில் சிக்கல் இல்லை. ஆவணத்துக்குள் லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் எழுத்துருக்கள் இருந்தால், உபுண்டுவில் வேறு எழுத்துருவில் திறந்து பக்கங்கள் நகர்ந்துவிடும். அச்சுக்குப் போகவேண்டியதை பிடிஎஃப் ஆக்கிப் போடுங்கள்.

வீட்டில் மேக் இருந்தால் ஃபைண்டரில் கமாண்ட்டையும் கே-யையும் சேர்த்து அழுத்தி, அதே முகவரியைக் கொடுத்தால் போதும்.