பொது வனத்தில் வான்கோழி வேட்டை: பத்து மணி தாண்டியும் உட்காருங்கள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு நேஷனல் ஃபாரஸ்ட் எனும் அரசின் பொது வனங்களுக்குப் போகிறவர்களில் பலர் இருட்டோடு நுழைந்து, 9 மணிக்கே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். பெட்டைகள் முட்டையிடப் போனபின் தனித்துவிட்ட சேவல், 10 மணி வாக்கில்தான் பெட்டைபோல நீங்கள் எழுப்பும் குரலுக்கு மசியும். (சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரம் முடியும், அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள்.)

சாலையோரச் சேவல்கள் போலிக் குரல் கேட்டுக் கேட்டு உஷாரானவை. சிலேட்டு அழைப்பானில் (குச்சியால் உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் சிலேட்டுத் தகடு) குச்சியை மெல்ல இழுத்து மூன்று நான்கு கூவல், பிறகு 20 நிமிடம் மௌனம். இடையில் கையால் சருகைக் கிளறுங்கள். இரை பொறுக்கும் பெட்டை என்று சேவல் நம்பும். சிலேட்டில் ஈரமோ விரல் எண்ணெயோ பட்டால் குச்சி வழுக்கி, சத்தமே எழாது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பதில் வரவில்லையென்று எழுந்துவிடாதீர்கள், உஷாரான சேவல் ஓசையின்றித்தான் வரும்.

தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து வேறு வேட்டைக்காரர் சுட்டாலும் மரம் காக்கும். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூட வேண்டாம்: சேவல் தலையின் நிறங்கள் அவை, சேவலென்று நினைத்து உங்களையே சுட்டுவிடுவார்கள். வேறு வேட்டைக்காரர் தெரிந்தால் கையசைக்காமல் உரக்கக் குரல் கொடுங்கள். 40 கஜத்துக்கு அப்பால் சுட்டால் பறவை காயத்தோடு தப்பும்.