எலுமிச்சை அழகியைத் தொட்டிச் செடியில் வளர்க்க

கறுப்பு இறகில் மஞ்சள் திட்டுகள், பின்னிறகின் உள்முனையில் ஒரு செம்புள்ளி, வால் கிடையாது. எலுமிச்சை அழகி என்ற இந்தப் பட்டாம்பூச்சி முட்டையிட எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலையைத் தேடி வரும். வெயில் விழும் மாடியில் ஒரு எலுமிச்சைத் தொட்டி போதும்.

நர்சரிச் செடியை மட்டும் உடனே நம்பாதீர்கள். இலைக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து கழுவினாலும் போகாது. புழு இரண்டு கடி கடித்துச் சுருண்டுவிடும். இரண்டு மூன்று முறை புதுத் தளிர் விட்டு முற்றும்வரை செடியை வலை போட்டு மூடி வையுங்கள். வேப்பெண்ணெயும் தெளிக்கக்கூடாது, அதுவும் புழுவைக் கொல்லும்.

தளிரிலையில் தனித்தனியாக, கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சளாக முட்டை இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். இளம்புழு பறவை எச்சம் போலவே தெரிவதால் பலர் துடைத்து எறிந்துவிடுகிறார்கள்! நான்காம் முறை தோலுரித்தபின்தான் பச்சையாகும். அப்போது அதன் பசி பயங்கரம். ஓரடிச் செடியில் ஒன்றிரண்டு புழுவுக்கு மேல் விடாதீர்கள். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கொம்பு நீட்டி நாறும், கடிக்காது.

பெட்டியில் வளர்ப்பதானால் இலைக்கொப்பைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். கழிவைத் தினமும் அகற்றுங்கள். ஈரமும் கழிவும் சேர்ந்தால் நோய் வரும். கறுத்துக் கூழான புழுவை உடனே அப்புறப்படுத்துங்கள். அசையாமல், தின்னாமல் இருப்பது தோலுரிக்கப் போகும் புழு, அதைத் தொடவே வேண்டாம். இலை மாற்றும்போதும் கையால் பிய்த்தெடுக்காமல், பழைய இலையோடு புதுக் கொப்பின் மேல் வையுங்கள்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு நீர்க்கழிச்சல் போட்டு அலையத் தொடங்கும். நோய் அல்ல, கூடு கட்ட இடம் தேடுகிறது. பென்சில் தடிமனில் குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். வாலை ஒட்டி, இடுப்பில் ஒரு பட்டிழையைச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். செடியிலேயே வளர்ந்தால் இந்தக் கட்டத்துக்கு முன்பே கிளையை மெல்லிய மல்துணியால் மூடுங்கள்: புதுக்கூடு மென்மையாக இருக்கும்போதுதான் ஒட்டுண்ணிக் குளவி துளைத்து முட்டையிடும், கொசுவலைக் கண்ணில் அது எளிதாக நுழையும். பிறகு கூட்டில் ஊசித்துளை தெரிந்தால் உள்ளே பட்டாம்பூச்சி இருக்காது.

சுமார் பத்து நாளில் கூட்டின் வழியே மஞ்சள் திட்டுகள் தெரியும். அதற்குள் கூடு கீழே விழுந்திருந்தால் சொரசொரப்பான துணிமேல் கிடத்தி, பக்கத்தில் செங்குத்தாக ஒரு குச்சி வையுங்கள். வெளிவந்ததும் ஏறித் தொங்கினால்தான் இறகு விரியும். வழுக்கும் பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாவிட்டால் மடிந்தபடியே காய்ந்து இறுகிவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. இறகு உலர இரண்டு மணி நேரமாவது விட்டு, வெயில் நேரத்தில் இட்லிப்பூச் செடியருகே திறந்துவிடுங்கள்.